பின்வரிசையில் ஐந்து பிள்ளைகள்: ஒரு வகுப்பாசிரியையின் கடிதமும் பதிலும்

கேள்வி:

மாகாணப் பாடசாலை ஒன்றில் தரம் 9 வகுப்பாசிரியையாக இருக்கிறேன். புவியியலும் நானே கற்பிக்கிறேன். வகுப்பில் 36 பிள்ளைகள். ஒரே குறிச்சியிலிருந்து வரும் ஐந்து பேர் எப்போதும் கடைசி வரிசையில்தான் இருக்கிறார்கள். குழு வேலை என்றால் மற்றவர்கள் அவர்களைச் சேர்ப்பதில்லை. அவர்கள் தொட்ட தண்ணீர்ப் போத்தலில் குடிப்பதில்லை. குறிச்சியின் பெயரையே பட்டப்பெயராக்கிக் கூப்பிடுகிறார்கள். ஆசிரியர் அறையில் சொன்னால், "இப்ப ஆர் ரீச்சர் சாதி பாக்கினம்? நீங்கள் கிளறாதேங்கோ" என்கிறார்கள். போன மாதம் ஐவரில் ஒருத்தியை முன்வரிசைக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நாளில் பக்கத்துப் பிள்ளையின் தாய் போன் எடுத்து, "பிள்ளையை வேற இடத்தில இருத்துங்கோ" என்றார், காரணம் சொல்லவில்லை. இதற்கிடையில் வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் ஒருவர் இந்த ஐவருக்கும் காலைப் பிரார்த்தனையில் மேடையில் வைத்துச் சைக்கிளும் சப்பாத்தும் கொடுக்க விரும்புகிறார். நான் வகுப்பில் வெளிப்படையாகப் பேசவேண்டுமா? பேசினால் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் கூடாமல் போகுமா?

— வகுப்பாசிரியை, வலிகாமம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

எடுத்த எடுப்பில் வகுப்பின் முன் நின்று பேசினால் அந்த ஐவருக்கும் கூடாமல் போகலாம் என்ற உங்கள் பயம் நியாயமானது. அதற்காகப் பேசாமலே விடவும் முடியாது. முதலில் வகுப்பின் ஒழுங்குகளை மாற்றுங்கள்; பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். யார் எங்கே இருப்பது, யார் யாரோடு வேலை செய்வது, யார் கூட்டுவது, யார் பூத்தட்டு ஏந்துவது, யாரிடம் எல்லோருக்கும் முன்னால் காசு கேட்பது என்பவற்றைப் பார்த்துத்தான் பிள்ளைகள் ஆருக்கு என்ன மதிப்பு என்று நாளாந்தம் படிக்கிறார்கள். இவை மாறாமல் இருக்கும்வரை சமத்துவம் பற்றிய பேச்சு அவர்கள் காதில் ஏறாது.

ஆசிரியர் அறைக் கதைக்கு வருவோம். "ஆரும் சாதி பார்ப்பதில்லை" என்று சொல்லும் அதே அறையில், புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் "எவடம்? எந்தக் கோயிலடி?" என்ற கேள்வி எழுகிறதா என்று கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் சாதியைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டிய தேவை இல்லை. ஊர், குறிச்சி, கோயில், தகப்பனின் தொழில் என்று நான்கு கேள்வியில் தெரிந்துவிடும். 1990இல் இடம்பெயர்ந்து நீண்ட காலம் முகாமில் இருந்த குடும்பங்களுக்கு "முகாம் ஆக்கள்" என்ற இன்னொரு அடையாளமும் மேலதிகமாக ஒட்டிக்கொள்கிறது. வறுமையும் சாதியும் இடப்பெயர்வும் ஒரே பிள்ளையின் தோளில் ஏறியிருக்கும்போது எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. வகுப்பில் நடப்பதைப் பாருங்கள், அதை மாற்றுங்கள்.

இதற்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகளை நிலத்தில் இருத்திப் படிப்பித்த காலம் அதிக தூரத்தில் இல்லை. 1920களின் இறுதியில், அரச உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற உத்தரவு வந்தபோது குடாநாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் நடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அப்போது சம ஆசனத்தின் பக்கம் நின்றது. 1957இன் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், ஒருவர் பாடசாலையில் சேர்ந்து படிப்பதைச் சாதி காரணமாகத் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1971இல் தண்டனை கூட்டப்பட்டது. இவ்வளவும் நடந்து பிள்ளைகள் எல்லோருக்கும் கதிரை கிடைத்துவிட்டது. அந்தக் கதிரை எந்த வரிசையில், ஆருக்குப் பக்கத்தில் என்பதை எந்தச் சட்டமும் சொல்வதில்லை. அதைத் தீர்மானிக்கும் இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். முதல் இரண்டு கிழமையும் எதையும் மாற்றாமல் பாருங்கள். வகுப்பு இருக்கை வரைபடம் ஒன்றை ஒரு தாளில் கீறி, பாடத்தில் நீங்கள் கேள்வி கேட்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் ஒரு கோடு போடுங்கள். ஒரு கிழமை முடிவில் கோடுகள் பெரும்பாலும் முன் இரண்டு வரிசைகளிலும் நடுவிலும் குவிந்திருக்கும். பின்வரிசைக்குக் கேள்வி போனாலும் "ஏன் கதைக்கிறாய்?", "கொப்பி எங்கே?" என்ற வகைக் கேள்விகளே கூடப் போயிருக்கும். இதைக் குற்றச்சாட்டாக எடுக்கவேண்டாம், அநேகமான வகுப்புகளில் இப்படித்தான். கேள்வி கேட்டபின் குறைந்தது மூன்று விநாடி பொறுப்பதும் உதவும். நாங்கள் சாதாரணமாக ஒரு விநாடிதான் பொறுக்கிறோம். அந்த ஒரு விநாடியில் பதில் சொல்லுவது ரியூசனில் அந்தப் பாடத்தை முன்னமே படித்துவிட்டு வந்த பிள்ளை மட்டுமே.

இரண்டாவது கிழமையில், ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டுத் தாள் கொடுத்து, "அடுத்த செயற்திட்டத்தை ஆர் ஆருடன் செய்ய விருப்பம்? மூன்று பெயர் எழுதுங்கள்" என்று கேளுங்கள். விருப்பமில்லாத பெயரை ஒருபோதும் கேட்கவேண்டாம். கேட்டால் இல்லாத வெறுப்புக்கும் நீங்களே விதை போட்டதாகிவிடும். வீட்டில் வைத்து ஒரு அட்டவணையில் குறியுங்கள். ஒருவராலும் எழுதப்படாத பிள்ளைகள் ஆர்? ஐவரையும் ஐவர் மட்டும்தான் எழுதியிருக்கிறார்களா? வெளியிலிருந்து அவர்களில் ஒருவரை எழுதிய பிள்ளை உண்டா? அநேகமாக ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அந்தப் பெயர்கள் பொன் போன்றவை. குழு பிரிக்கும்போது அவர்களை எங்கே போடுவது என்பதில்தான் பாதி வெற்றி. துண்டுகளைப் பாடசாலையில் விட்டுவைக்காமல் கிழித்துவிடுங்கள். எந்த அட்டவணையிலும் எந்தக் கொப்பியிலும் சாதியைக் குறிக்க ஒரு நிரல் போடவேண்டாம், உங்களுக்கு மட்டும் என்றாலும் வேண்டாம்.

அதிபரிடமும் பகுதித் தலைவரிடமும் இந்தக் கட்டத்தில் போங்கள். "சாதிப் பிரச்சினை" என்று தொடங்கினால் ஆசிரியர் அறையில் கேட்ட பதிலையே அங்கும் கேட்கக்கூடும். "குழு வேலையில் பிள்ளைகள் சிலர் தனித்துவிடுகிறார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை முழு வகுப்புக்கும் இடம் மாற்றப்போகிறேன். பெற்றோர் கேட்டால் பாடசாலையின் ஒழுங்கு என்று சொல்ல உங்கள் அனுமதி வேண்டும்" என்று கேளுங்கள். அனுமதி கிடைத்த திகதியைக் குறித்துவையுங்கள். கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இல் சொன்ன நிபந்தனைகள் இன்றும் பொருந்தும்: வேறுபட்ட குழுக்கள் ஒன்றாக இருந்தால் மட்டும் முற்சாய்வு குறையாது. சம நிலையில் இருக்கவேண்டும், பொது நோக்கம் வேண்டும், ஒருவரின் வேலை மற்றவருக்குத் தேவைப்படவேண்டும், மேலிருப்பவரின் ஆதரவு வெளிப்படையாகத் தெரியவேண்டும். அதிபரின் ஒரு வசனம் இல்லாமல் தொடங்கினால், முதல் போன் வந்ததும் நீங்கள் தனித்துப்போவீர்கள்.

இடமாற்றத்தில் வழக்கமாக நடக்கும் பிழை, வரிசை வரிசையாகப் பின்னிருந்து முன்னுக்கு நகர்த்துவது. அப்படிச் செய்தால் ஐவரும் ஐவராகவே முன்னுக்கு வருவார்கள், பக்கத்து ஆட்கள் மாறமாட்டார்கள். ஒருத்தியை மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்ததிலும் இதுபோன்ற சிக்கல் இருந்தது: முழு வகுப்பும் அவளையே பார்த்தது. சீட்டுப் போடுங்கள். ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு இடம் என்று 36 இலக்கம். முன் நான்கு வரிசையின் 24 இலக்கங்களையும் ஒரு தகரப்பேணியில் போட்டு, போனமுறை கடைசி இரண்டு வரிசையில் இருந்த 12 பேரையும் அதிலிருந்து முதலில் எடுக்கவிடுங்கள். மிஞ்சும் 12 சீட்டுடன் கடைசி இரண்டு வரிசையின் 12 இலக்கத்தையும் சேர்த்து மற்ற 24 பேரும் எடுக்கட்டும். இப்படிச் செய்தால் எந்தப் பிள்ளையும் அடுத்தடுத்த இரண்டு முறை பின்னுக்கு இருக்கமாட்டாது, நீங்கள் ஆரையும் தெரிவு செய்யவுமில்லை. கண் பார்வை, காது கேட்டல் காரணமாக முன்னுக்கு இருக்கவேண்டிய பிள்ளைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். அப்போதும் முன்–பின் மட்டும் மாற்றலாம், பக்கத்தில் இருப்பவரைத் தெரிவு செய்யக்கூடாது. கையில் எடுத்த சீட்டை மாற்றிக்கொள்ளும் பழக்கம் முதல் நாளே தொடங்கும். எடுத்த உடனே வரைபடத்தில் நீங்கள் பெயர் எழுதிவிட்டால் அது நின்றுவிடும்.

அந்தத் தாய் திரும்பவும் போன் எடுத்தால் காரணம் கேட்டுத் தோண்டவேண்டாம், நீங்களாகக் காரணம் ஊகித்துப் பேசவும் வேண்டாம். "அம்மா, இடம் மாறுறது வகுப்பு முழுக்கப் பொது. சீட்டில வாறது. அதிபர் சம்மதிச்ச ஒழுங்கு. ரெண்டு கிழமையில எல்லாருக்கும் மாறும்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் மூன்றாம் முறையும் கேட்டால் அதிபரைச் சந்திக்கச் சொல்லுங்கள். ஒருவருக்காக ஒருமுறை மாற்றினால் ஒழுங்கு முழுவதும் போய்விடும். அதைவிட, எதற்காக மாற்றினீர்கள் என்பது அன்று பின்னேரமே 36 பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும்.

குழு வேலைதான் இதில் கனமான பகுதி. "ஆறு ஆறு பேராகச் சேருங்கள்" என்று பிள்ளைகளிடம் விட்டால் ஐவரும் தனித்துப்போவார்கள். நீங்களே பிரித்து ஒரு பொது வேலை கொடுத்தால், கெட்டிக்காரர் எழுத மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்; ஒதுக்கல் குழுவுக்குள்ளே போய்விடும். 1971இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில், வெள்ளை, கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளை முதன்முறையாக ஒரே வகுப்பில் சேர்த்துப் பிரச்சினை எழுந்தபோது, எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் ஒரு முறையை உருவாக்கினார்கள். பாடத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டைக் கொடுப்பது. அந்தத் துண்டு அந்தப் பிள்ளையிடமிருந்து மட்டுமே குழுவுக்குக் கிடைக்கும். பக்கத்துப் பிள்ளை சொல்வதைக் கேட்காவிட்டால் பரீட்சையில் தனக்குத்தான் புள்ளி குறையும்.

உங்கள் பாடத்திலேயே இதற்கு அருமையான விடயம் இருக்கிறது: குடாநாட்டின் நிலத்தடி நீர். ஆறு துண்டாகப் பிரியுங்கள். சுண்ணக்கல் நிலம் எப்படி நீரைப் பிடித்துவைக்கிறது என்பது ஒன்று. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மழையும் அதை நிலத்துக்குள் இறக்கும் குளங்களும் கேணிகளும், மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கை ஆறும் இரண்டாவது. தோட்டங்களுக்கு மோட்டர் போட்டு இறைப்பதும் பசளையிலிருந்து நைத்திரேற்று கீழிறங்குவதும் மூன்றாவது. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் இருக்கவேண்டிய தூரமும் அது குறைந்தால் வரும் மாசும் நான்காவது. நன்னீர் உவர்நீருக்கு மேல் மிதப்பதும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறுவதும் ஐந்தாவது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை இதற்கு எடுத்துக்காட்டலாம். தொண்டைமானாற்றுத் தடுப்பணை எதற்காக என்பதும் தீவகத்தின் குடிநீர்த் தட்டுப்பாடும் ஆறாவது. ஒவ்வொரு துண்டும் அரைப்பக்கத்துக்கு மேல் போகவேண்டாம்.

இரட்டைப் பாடவேளை ஒன்றை எடுங்கள். பத்து நிமிடம் தனியே வாசிப்பு. பிறகு ஒரே துண்டு கிடைத்த ஆறு பேரும் ஒன்றாகக் கூடி 20 நிமிடம் பேசுவார்கள்: இதில் முக்கியம் எது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது, என்ன படம் கீறுவது. ஐந்து நிமிடத்தில் சொந்தக் குழுவுக்குத் திரும்பவேண்டும். அங்கே ஆளுக்கு ஐந்து நிமிடமாக 30 நிமிடம் ஒருவருக்கொருவர் கற்பிக்கவேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் ஆறு துண்டிலும் இருந்து பத்துச் சிறுவினாக்கள், தனித்தனியே எழுதவேண்டும், புள்ளி இடாப்பில் பதியப்படவேண்டும். புள்ளி பதியாவிட்டால் ஆரும் ஆரையும் கேட்கமாட்டார்கள்.

எங்கே பிழை வரும் என்பதையும் சொல்கிறேன். வாசிப்பு மெதுவான பிள்ளை தன் துண்டைச் சரியாகச் சொல்லமுடியாமல் திணறினால் "பாத்தியளோ, உவைக்கு ஒண்டும் தெரியாது" என்று பழைய எண்ணம் இறுகிவிடும். ஒரே துண்டுக்காரர் கூடும் அந்த 20 நிமிடம் இதற்காகத்தான்; அதைக் குறைக்கவேண்டாம். முதல் நாளே துண்டை எல்லோருக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். ஐவரையும் ஐந்து குழுவில் ஒவ்வொருவராகப் போடவேண்டாம், தனித்து நிற்கும் பிள்ளை வாயே திறக்காது. இருவர், இருவர், ஒருவர் என்று போடுங்கள். தனியே போகிறவர் ஐவரில் கூடிய துணிவுள்ளவராகவும், அந்தக் குழுவில் துண்டுத் தாளில் அவர் பெயரை எழுதிய பிள்ளை இருப்பதாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். தீவகத் துண்டைக் கரையோரப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டாம். எந்தப் பிள்ளையும் தன் ஊருக்குப் பிரதிநிதியாக நிற்கவேண்டிய கடமை இல்லை. ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. கிழமைக்கு ஒருமுறை, ஒரே குழுவில் ஆறு கிழமையாவது செய்யுங்கள். பிறகு குழுவைக் கலையுங்கள்.

இதனுடன் எலிசபெத் கோஹன் என்ற கல்வியியலாளர் வலியுறுத்திய ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழுக்களுக்கிடையே நடந்து திரியும்போது, மதிப்புக் குறைவாக எண்ணப்படும் பிள்ளை உண்மையில் நன்றாகச் செய்த ஒன்றைப் பிடித்து, குழு கேட்கச் சொல்லுங்கள். "நல்லம், கெட்டிக்காரி" என்பது போதாது. "உவர் ஏன் மேலேறுகிறது என்பதற்கு இவள் கீறின வெட்டுமுகப் படம் சரி. வினாவுக்குப் பதில் எழுத உங்களுக்கு இது தேவைப்படும்" என்று குறிப்பாகச் சொல்லவேண்டும். பொய்யாகப் புகழ்ந்தால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்; அது இரக்கமாகத் தெரியும், இரக்கம் ஒதுக்கலைவிடக் கசக்கும்.

தண்ணீர்ப் போத்தலை மாற்றிக் குடிக்கச் சொல்லி வற்புறுத்தவேண்டாம். சுகாதாரம் என்ற பதில் தயாராக இருக்கும், அதில் நியாயமும் உண்டு. அவரவருக்கு அவரவர் போத்தல் என்பதை எல்லோருக்கும் பொதுவாக்குங்கள். ஆனால் வகுப்புக்கு ஒரு மூடியுள்ள குழாய் வாளி வைத்து, அதை நிரப்பும் முறையை இடாப்பு வரிசைப்படி இருவர் இருவராக ஒழுங்குபடுத்துங்கள். ஐவரில் ஒருவர் நிரப்பிய நாளில் வாளி குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் உங்கள் கோப்பையில் பிடித்து அவர்கள் முன்னால் குடியுங்கள். அடுத்த முறையும் அப்படியே செய்யுங்கள். கிணற்றில் அள்ளவிடாமல் மற்றவர் ஊற்றும்வரை மனிதரைக் காத்துநிற்க வைத்த மண் இது. இந்தச் சின்ன வாளியை நான் சின்ன விடயமாக எண்ணவில்லை.

கூட்டுவது, குப்பை அள்ளுவது, மலசலகூடம் கழுவுவது எல்லாம் எழுதி ஒட்டிய முறைப்பட்டியலில் வரவேண்டும். "நீ போய்ச் செய்" என்று வாயால் சொல்லும்போது கை எந்தப் பக்கம் நீள்கிறது என்று கவனித்தால் உங்களுக்கே விளங்கும். வாணி விழாவுக்கும் இதே பட்டியல்தான்: அவல் கடலை செய்வது, பூத்தட்டு ஏந்துவது, பிரசாதம் பரிமாறுவது மூன்றிலும் பெயர்கள் முறைப்படி வரட்டும். வேறு சமயப் பிள்ளைகளுக்கு அலங்காரம், நிகழ்ச்சித் தொகுப்புப் போன்ற பொறுப்புக்களை அவர்கள் விருப்பம் கேட்டுக் கொடுங்கள்.

காசு விடயம் ஒரு பந்திக்குள் அடங்காது, ஆனாலும் இரண்டு சொல்லுகிறேன். ஆசிரியர் தினம், சுற்றுலா, ஒளிவிழா என்று சேர்க்கும் பணத்தில் கொடுக்காதவர் பெயரைப் பலகையில் எழுதவோ வகுப்பில் வாசிக்கவோ வேண்டாம். திங்கட்கிழமை காசு கேட்டால் ஆர் வரவில்லை என்பதை வரவு இடாப்பில் பாருங்கள். சேகரிப்பைக் கடித உறையில் எடுங்கள். மாணவத் தலைவனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கவேண்டாம். செயற்திட்டத்துக்கும் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கும் புள்ளி போடும்போது நிற அச்சு, பளபளப்பு அட்டை, கடையில் வாங்கிய படம் என்பவற்றுக்கு ஒரு புள்ளியும் இல்லை என்று முதலிலேயே அறிவியுங்கள். பாடசாலைத் தாளில் கையால் கீறியது போதும். "ரியூசனில் படிச்சிருப்பியள்தானே" என்று பாடத்தைத் தாண்டிப் போகும் வழக்கம் உங்கள் பாடசாலையில் இருந்தால், அது ரியூசனுக்குப் போக வசதியில்லாத பிள்ளையை வகுப்புக்குள் வைத்துக்கொண்டே வெளியே அனுப்புவதுதான்.

அந்தப் பழைய மாணவரின் மனம் நல்லது. மேடையில் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரே குறிச்சிப் பிள்ளைகள் ஐவரை எல்லோருக்கும் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தால், வகுப்பில் மறைவாகச் சொல்லப்பட்டது ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டதாகிவிடும். அந்தப் படம் முகநூலில் ஆண்டாண்டாக இருக்கும். அவருக்கு அதிபர் வழியாக இப்படி எழுதலாம்: வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்துவரும் எந்தப் பிள்ளையும் வகுப்பாசிரியரிடம் படிவம் கொடுக்கலாம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தெரிவு செய்யும், பெற்றோர் பாடசாலை விட்டபின் காரியாலயத்தில் கையெழுத்திட்டுப் பெறுவார்கள், நன்கொடையாளருக்குப் பற்றுச்சீட்டுப் பிரதியும் எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்ற அதிபரின் கடிதமும் போகும். சப்பாத்துக்குக் கடைக் கூப்பன் நல்லது. பிள்ளை தன் அளவுக்குத் தானே வாங்கிக்கொள்ளும். கணக்குச் சரியாகக் கிடைத்தால் பெரும்பாலான நன்கொடையாளர்கள் படம் கேட்கமாட்டார்கள்.

பட்டப்பெயர் உங்கள் காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே, குரல் உயர்த்தாமல்: "இந்த வகுப்பில் ஊர்ப் பேரைச் சொல்லி ஒருவரையும் கூப்பிடுறேல்லை. பேரைச் சொல்லு." அவ்வளவுதான், பாடத்தைத் தொடருங்கள். "உனக்கு வருத்தமா?" என்று அந்தப் பிள்ளையை எல்லோர் முன்னும் கேட்கவேண்டாம். கை குலுக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்கவைக்கவும் வேண்டாம். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அது இரண்டாவது தண்டனை. பட்டப்பெயர் சொன்ன பிள்ளையை இடைவேளையில் தனியே கூப்பிட்டு, என்ன சொன்னாய், அது மற்றப் பிள்ளையை வகுப்பில் எந்த இடத்தில் நிறுத்துகிறது, இனி என்ன செய்வாய் என்று கேளுங்கள். அடிக்கவேண்டாம்: 2016இன் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடை செய்கிறது. அடி வாங்கிய பிள்ளை தன் கோபத்தை உங்களிடம் தீர்க்காது, அந்த ஐவரிடம்தான் தீர்க்கும். சொன்ன வார்த்தை, திகதி, இருந்தவர்கள், நீங்கள் செய்தது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்றாம் முறை நடந்தால் பகுதித் தலைவர், பெற்றோர், அதிபர் என்று அந்தக் கொப்பியோடு போங்கள். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தால் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பாடசாலைக்குள் தீராவிட்டால் வலயக் கல்விப் பணிமனை. பிள்ளைக்குத் துன்புறுத்தல் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம். பாகுபாடு என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகம். சாதி காரணமாகப் பாகுபாடு காட்டக்கூடாது என்பது அரசியலமைப்பின் 12(2) உறுப்புரையில் இருக்கிறது. சட்டத்தை முதல் நாளே எடுத்து நீட்டத் தேவையில்லை; ஆனால் "கிளறாதேங்கோ" என்பவருக்குச் சொல்ல அது உங்கள் கையில் இருக்கவேண்டும்.

இப்போது பேச்சு. ஏன் பின்னுக்கு வைக்கச் சொன்னேன் என்பதற்கு ஓர் ஆய்வைக் காட்டலாம். கார்லா ஹொஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், உத்தரப்பிரதேசத்தில் ஆறாம் ஏழாம் வகுப்பு ஆண் பிள்ளைகளுக்குத் தாளில் சிக்குவழிப் புதிர்கள் கொடுக்கப்பட்டன. சாதி சொல்லப்படாதபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் மற்றவர்களும் ஏறத்தாழ ஒரேயளவு புதிர்களைத் தீர்த்தார்கள். ஒவ்வொருவரின் பெயரும் சாதியும் எல்லோர் முன்னும் வாசிக்கப்பட்டபின் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளின் அடைவு தெளிவாக விழுந்தது. திறமை மாறவில்லை; வெளியே சொன்னதுதான் மாறியது. ஆகவே ஐவரைச் சுட்டும் எந்தப் பேச்சும், நல்ல நோக்கத்தோடு பேசினாலும், அவர்களுக்குச் சுமையாகும். இருக்கையும் குழுவும் ஒரு தவணை ஓடியபின், சம ஆசனப் போராட்டத்தைப் பாடமாக எடுங்கள். அப்போது எரிந்த பாடசாலைகளையும் அதற்காக நின்ற மனிதர்களையும் பற்றிப் பேசுங்கள். "இன்று எங்கள் வகுப்பில் ஆர்?" என்று கேட்கவேண்டாம். "ஒரு பாடசாலை எல்லாரையும் சமமாக நடத்துகிறது என்று ஒரு புதியவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?" என்று கேட்டு எழுதவிடுங்கள். பிள்ளைகள் தாங்களே வாளியையும் விளக்குமாற்றையும் இருக்கையையும் எழுதுவார்கள். அதே தவணை முடிவில் மூன்று பெயர்த் துண்டை மறுபடி எடுத்து முதல் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒருவராலும் எழுதப்படாத பெயர்கள் குறைந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஐவரும் எல்லோருடைய உயிர்த் தோழராகிவிடவேண்டும் என்று எதிர்பார்த்தால் நீங்கள் களைத்துப்போவீர்கள்.

பெற்றோர் கூட்டத்தைக் காலை எட்டு மணிக்கு வைத்தால் நாட்கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய உழைப்புப் போய்விடும். இரவில் தொழிலுக்குப் போய்வருபவர் நித்திரையில் இருப்பார். வராதவரை "அக்கறையில்லாத ஆக்கள்" என்று எழுதிவிடாமல், தவணைக்கு ஒரு கூட்டத்தையாவது சனிக்கிழமை பின்னேரம் வைக்க அதிபரைக் கேளுங்கள். வந்தவரைக் கதிரையில் இருக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் நல்ல கொப்பி ஒன்றைக் காட்டித் தொடங்குங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்த ஆண்டு முடிவில் உங்கள் பிள்ளைகள் சாதாரண தரத்துக்கு மூன்று தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்வார்கள். "உனக்கு உது பாரம், லேசானதை எடு" என்று பிள்ளையின் குறிச்சியைப் பார்த்து ஆலோசனை சொல்லப்படும் இடம் அதுதான். ஒரு பிள்ளை தகவல் தொழினுட்பமா மனைப்பொருளியலா விவசாயமா என்று தீர்மானிப்பது, வீட்டில் கணினி இருக்கிறதா என்பதாலோ தகப்பன் என்ன செய்கிறார் என்பதாலோ இருக்கக்கூடாது. பதினாறு வயதுவரை பாடசாலையில் வைத்திருக்கவேண்டும் என்பது 2016 முதல் கட்டாயம். ஆனால் தரம் 9க்கும் 11க்கும் இடையில்தான் இப்படிப்பட்ட பிள்ளைகள் மெல்ல வராமல் விடுகிறார்கள். தெரிவுப் படிவத்தைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பாடத்தையும் கற்பிக்கும் ஆசிரியரை வகுப்புக்கு அழைத்துப் பத்து நிமிடம் பேசவையுங்கள். படிவத்தைப் பிள்ளை தானே நிரப்பி, வீட்டில் காட்டி, ஒரு கிழமை கழித்துக் கொண்டுவரட்டும். அதன்பின் 36 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எல்லோரிடமும் ஒரே மூன்று கேள்வியைக் கேளுங்கள்: ஏன் இது, உயர் தரத்தில் என்ன நினைத்திருக்கிறாய், இதைப் படிக்க உனக்கு என்ன வேணும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களைப் பட்டியலிட்டு ஜனவரிக்கு முன் அதிபரிடம் கொடுங்கள்.